கடல் படுத்திருக்கிற மாதம்

லெஸ்டர், இங்கிலாந்து
14 ஜனவரி 2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நாலு பேரும் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். உங்கட முழங்கால் நோவு குறைஞ்சிருக்கும் என்று நினைக்கிறன். எங்களைக் குளிர் போட்டு வாட்டுது. காலையில் பஸ்ஸை எடுக்க முந்திக் கண்ணாடியில் இருக்கிற உறைபனியைச் சுரண்டவே பத்து நிமிசம் போகுது.

ராத்தா, ஒரு பெரிய சந்தோசம். இந்த வருசம் நாங்கள் ஊருக்கு வாறம். சும்மா சொல்லுறன் என்று நினைக்காதீங்க. ரிஸ்லாவும் முடிவெடுத்திட்டா. அம்ராவுக்குப் பன்னிரண்டு வயது, நிப்றாஸுக்கு ஒன்பது. இரண்டு பேரும் திருகோணமலையை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்குதுகள். எட்டு வருசத்துக்கு முந்தி நான் தனியாக டிசம்பரில் வந்து, மூன்று கிழமையும் மழைக்குள் உங்கட ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்திட்டுத் திரும்பினனான். அந்தப் பிழையை இந்த முறை விட ஏலாது.

அதனால்தான் கேட்கிறன். எந்த மாதம் வந்தால் நல்லம்? கம்பியூட்டரில் தேடினால் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதம் சொல்லுறாங்கள். ஜனவரிதான் திறமான மாதம் என்று ஒரு இடத்தில் கிடந்தது. வடிவாக வாசித்தால் அது காலிப் பக்கத்துக்காம். ஒரே தீவு, அங்கே வெயில் எறிக்கேக்க இங்கே மழை. பிள்ளைகளுக்குத் திமிங்கிலம் பார்க்க வேணும். புறாமலைத் தீவுக்குப் போய்த் தண்ணிக்குள் முகத்தை வைத்து மீன் பார்க்க வேணும். ரிஸ்லாவுக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை என்றபடியால் பள்ளிக்கூட விடுமுறைக்குத்தான் எங்களுக்கு வர ஏலும். ஏப்ரலில் இரண்டு கிழமை, ஓகஸ்டில் முழு மாதமும், ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமை.

கடலை நல்லாத் தெரிஞ்ச ஆரையாவது கேட்டு எழுதுங்க. போன் எடுத்துக் கேட்டால் என்ன என்று ரிஸ்லா சிரிக்கிறா. தபால் கந்தோரில் வேலை செய்யிற ராத்தாவுக்குக் கடிதம் எழுதாட்டி வேற ஆருக்கு எழுதிறது என்று நான் சொன்னன்.

உங்கட பதிலுக்குக் காத்திருக்கிற தம்பி,
றுவைஸ்

*

ஜமாலியா, திருகோணமலை
4 பெப்ரவரி 2024

என்ட தம்பி றுவைஸுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன்ட கடிதத்தைக் கவுண்டரில் இருந்துதான் வாசித்தன். பக்கத்துக் கவுண்டர் நிப்லா, "என்ன ராத்தா, தனியச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். எங்களோட புதுசாச் சேர்ந்த பிள்ளை, நல்ல வாய். நீங்கள் வாறது முழுக் கந்தோருக்கும் தெரிஞ்சு போச்சு. என்ட முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீ கேட்டதை முத்திரை வாங்க வாற எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தன். பென்சன் எடுக்க வந்த மாஸ்டர் ஒருத்தர் செப்டெம்பர் என்றார். மீன் வாடிக்காரர் ஒருத்தர் ஜூன் என்றார். இன்னொருத்தர் வெளிநாட்டுக்காரர் எப்ப வந்தால்தான் என்ன, ஹோட்டலுக்குள்தானே இருப்பினம் என்றார்.

பிறகு ஸெய்னுதீன் என்று ஒருத்தர் பதிவுத் தபால் போட வந்தார். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போற லோஞ்சை இருபது வருசம் ஓட்டினவர். இப்ப சொந்தமாக ஒரு போட் வைத்து, திமிங்கிலம் பார்க்க வாற ஆட்களைக் கூட்டிப் போறார். அவரிடமும் கேட்டன். அவர் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்திட்டு, "மிஸ், இது முத்திரை மாதிரிக் கிழிச்சுக் குடுக்கிற பதிலில்ல. இப்ப வாடைக் காத்து, கடல் நிற்கவிடாது. நோன்புப் பெருநாள் முடியட்டும், கடல் படுத்திரும். வந்து கண்ணால பார்த்திட்டுத் தம்பிக்கு எழுதுங்க" என்று சொல்லிப்போட்டுப் போனார்.

நான் எங்கே போறது. நீ அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே. எனக்கு எல்லாம் வழமை போலத்தான். வேலை, வீடு. எழுத வேற ஒன்றும் இல்லை.

துஆவுடன்,
ராத்தா ஸுல்பிகா

*

லெஸ்டர்
26 பெப்ரவரி 2024

அன்புள்ள ராத்தா,

ஸலாம். எல்லாரும் சுகம். நிப்றாஸின் முன்பல் ஒன்று விழுந்ததைத் தவிர வேற விசேசம் இல்லை. நோன்பு நெருங்குது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

ஏன் போக மாட்டீங்கள்? நிப்லாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்காப் போட்டில் ஏறுங்க ராத்தா. கடலுக்குப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு வருசம் இருந்திட்டு, மூதூர் லோஞ்சில் போனதைத் தவிர நீங்கள் வேற எங்கே போனனீங்கள்? ஆர் ஆரோ எழுதினதை நம்பிறதை விட நீங்கள் பார்த்து எழுதினால் நான் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுப்பன்.

அம்ரா கேள்வி எழுதித் தந்திருக்கிறாள். அந்த மனிசரிடம் கேளுங்க. திமிங்கிலம் மணக்குமா? அது எங்களைப் பார்க்குமா? போட்டில் நிழல் இருக்கா? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளவான மிதவைச் சட்டை இருக்கா? அலையில் குமட்டிச் சத்தி வந்தால் என்ன செய்யிறது? ஓகஸ்டில் சூடு தாங்க ஏலுமா? ஏப்ரலில் இனி எங்களுக்கு வர வசதிப்படாது, பெருநாளும் அதுக்குள் வருது. அப்ப ஓகஸ்டா ஒக்டோபரா என்பதுதான் கேள்வி.

நேற்று இரண்டு பிள்ளைகளும் குளியல் தொட்டிக்குள் முகத்தைப் போட்டுக் குழாயால் மூச்சு விட்டுப் பழகி, குளியலறை முழுக்கத் தண்ணி.

உங்கட,
றுவைஸ்

*

ஜமாலியா, திருகோணமலை
21 ஏப்ரல் 2024

தம்பி றுவைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாக முடிஞ்சுது. உங்களுக்கும் அப்படியே என்று நம்புறன். உடம்பு நோவுது, ஆனால் அது நல்ல நோவு. ஏன் என்று சொல்லுறன்.

நேற்று நான் கடலுக்குப் போனனான்.

காலை ஆறு மணிக்கு நானும் நிப்லாவும் போட் துறையில் போய் இறங்கினம். எங்களோட ஒரு குருநாகல் குடும்பமும் இருந்தது. ஸெய்னுதீன் கையைத் தரவில்லை, துடுப்பொன்றைக் குறுக்கே நீட்டி அதைப் பிடித்து ஏறச் சொன்னார். கோணேசர் மலையைச் சுற்றி வெளியே போனால், றுவைஸ், அப்படியொரு கடலை நான் இத்தனை வருசமாகக் கண்டதில்லை. எண்ணெய் ஊற்றின மாதிரி. கொஞ்சத் தூரத்திலேயே அடி தெரியாத ஆழம் என்று சொன்னார். நிறமே மாறிப் போச்சு. பேனை மை மாதிரி நீலம். நிப்லா பாவம், பத்து நிமிசத்தில் சத்தி எடுக்கத் தொடங்கி முழு வழியும் அதுதான் வேலை. சத்திக்கு என்ன செய்யிறது என்ற அம்ராவுடைய கேள்விக்குப் பதில்: இஞ்சியைக் கடிச்சுக்கொண்டு தூரத்துக் கரையைப் பார்க்க வேணுமாம். நிப்லாவுக்கு அது உதவவில்லை.

ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பிறகு ஸெய்னுதீன் எஞ்சினை நிற்பாட்டினார். "இப்ப கதைக்காதீங்க" என்றார். உன்ட பஸ் பிரேக்கில் காற்றுப் போகுமே, அதைப் போல ஒரு சத்தம், நூறு மடங்கு. தென்னை மரத்து உயரத்துக்குத் தண்ணி போனது. பிறகு முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கட கந்தோரைவிட நீளம். நான் என்னை அறியாமல் கத்திப்போட்டன். ஸெய்னுதீன் மெதுவாக, "மெல்ல மிஸ், அதுக்கும் காது இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. வயிறு நோகச் சிரிச்சன். கடைசியாக எப்ப அப்படிச் சிரிச்சன் என்று தெரியவில்லை.

அம்ராவிடம் சொல்: மணக்கும், பழைய மீனும் அவிச்ச கோவா இலையும் சேர்ந்த மாதிரி. எங்களைப் பார்த்ததா என்று தெரியாது, ஆனால் நான் அதைப் பார்த்தன். நிழலுக்குப் படங்கு கட்டியிருக்கு. சின்னப் பிள்ளைக்கு அளவான மிதவைச் சட்டை இரண்டு இருக்கு. நானே எடுத்து இழுத்துப் பார்த்தன். ஒன்றில் வார் கொஞ்சம் தேஞ்சிருந்தது. சொன்னவுடனே மாற்றுறன் என்றார் ஸெய்னுதீன்.

இனி மாதம். ஸெய்னுதீன் சொன்னபடி எழுதுறன். திமிங்கிலத்துக்கு மார்ச், ஏப்ரல்தான் திறம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் கடல் படுத்திருக்கும், புறாமலைத் தண்ணி கண்ணாடி. ஓகஸ்டில் மேற்கால இருந்து கச்சான் காத்து வீசும், சூடுதான், ஆனால் விடியப் போய்ப் பதினொரு மணிக்குள் திரும்பினால் ஒரு பயமும் இல்லை. அந்த நேரத்தில் திமிங்கிலம் குறைவு, அதிர்ஷ்டம் இருந்தால் காணலாம். ஒக்டோபர் வேண்டாம். பின்னேரத்தில் இடியும் மழையும் தொடங்கிரும், போட்டுகளைக் கரையில் ஏற்றிருவினம். அதனால் ஓகஸ்ட்.

திரும்பி வரேக்க ஸெய்னுதீன் எல்லாருக்கும் பேக்கரிப் பணிசும் வெறுந்தேத்தண்ணியும் தந்தார். தேத்தண்ணியைத் தானே ஊற்றினவர். மனைவி மௌத்தாகி ஒன்பது வருசமாம். ஒரே மகள் மூதூரில் கலியாணம் முடிச்சிருக்கிறா. அதிகம் கதைக்கிற ஆள் இல்லை, ஆனால் கேட்டால் வடிவாகப் பதில் சொல்லுவார்.

அடுத்த மாதம் புறாமலைப் பக்கம் தண்ணி எப்படி என்று பார்த்து எழுதுறன். உங்களுக்காகத்தான்.

ராத்தா

*

லெஸ்டர்
15 மே 2024

அன்புள்ள ராத்தா,

ஸலாம். எங்கட சுகத்துக்குக் குறைவில்லை. உங்கட கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தன். நிப்றாஸ் மூன்று தரம் திருப்பி வாசிக்கச் சொன்னவன். இதைவிட என்ன வேணும்? அடுத்த நாளே டிக்கெட் எடுத்தாச்சு. ஓகஸ்ட் 4ஆம் திகதி கொழும்பில் இறங்குறம், 31 வரைக்கும் உங்களோடதான்.

ரிஸ்லா ஒரு பகிடி விட்டா. அந்தக் கடிதத்தில் ஸெய்னுதீன் என்ற பெயர் எத்தனை தரம் வருது என்று பாருங்க என்றா. மனிசன் நல்ல வியாபாரி போல, உங்களையே தனக்கு விளம்பரம் எழுத வைத்திட்டார் என்று நான் சொன்னன். ரிஸ்லா கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தா.

வந்த முதல் நாளே அபூதாஹிர் மச்சானை அடக்கின கபுறடிக்குப் போக வேணும் ராத்தா. மௌத்துக்கு எனக்கு வரக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மச்சானைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறன். என்னோட ஒரே பள்ளிக்கூடத்தில் படிச்ச கூட்டாளி, நான்தான் எங்கட வீட்டுக்குக் கூட்டி வந்து பொருத்தம் பேச வைத்தனான் என்று சொன்னால் அம்ரா நம்புறாள் இல்லை. ஆறு வருசமாக அவருடைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நீங்கள் அங்கே இருக்கிறது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

இன்னும் எண்பத்தொரு நாள். அம்ரா கலண்டரில் கோடு போடுறாள்.

றுவைஸ்

*

ஜமாலியா, திருகோணமலை
9 ஜூன் 2024

தம்பி றுவைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். ஹஜ்ஜுப் பெருநாள் வருது. கச்சான் காத்துத் தொடங்கிட்டுது, வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் புழுதி.

புறாமலைக்குப் போனன். தண்ணி நல்ல தெளிவு. கரையில் இருந்தே மீன் தெரியுது. பிள்ளைகளுக்கு நல்லாப் பிடிக்கும்.

ஒரு விசயம் எழுத வேணும். எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இது நாலாவது தாள். போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற முஹம்மது தம்பி காக்கா எங்கட வீட்டுக்கு வந்தவர். ஸெய்னுதீன்தான் அவரை அனுப்பினவர். என்னை நிக்காஹ் செய்யக் கேட்டு.

நான் பதில் சொல்லவில்லை. வாப்பா இல்லை, நீ ஒருத்தன்தான் எனக்கு இருக்கிற ஆண் சகோதரம். வலிகாரனாக நின்று முடித்துக் கொடுக்க வேண்டியவன் நீதான். தம்பியிடம் கேட்டுச் சொல்லுறன் என்று அனுப்பினன். ஸெய்னுதீன் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. முறையாகத்தான் ஆள் விட்டிருக்கிறார்.

உனக்குச் சரி என்றால் நீ வந்து நிற்கிற ஓகஸ்டில் வைக்கலாம் என்று காக்கா சொன்னார். பெரிசாக ஒன்றும் இல்லை, வீட்டோடதான். உனக்குச் சரியில்லை என்றால் அதையும் எழுது.

ராத்தா

*

ஜமாலியா, திருகோணமலை
7 ஜூலை 2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட சுகத்துக்குத் துஆச் செய்யிறன். என்ட போன மாதக் கடிதம் கிடைச்சிருக்கும். தபாலில் தவற வழியில்லை, நானே பையில் போட்டு முத்திரை வைத்தனான்.

முன் அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு. இரண்டு நுளம்பு வலை புதுசாக வாங்கினன். பிள்ளைகள் உறைப்புத் தின்னுமா? ரிஸ்லாவுக்குச் சுறாப் புட்டு இன்னும் பிடிக்குமா? கொழும்பில் இருந்து ரயிலில் வாறீங்களா வேனில் வாறீங்களா என்று எழுதினால் நல்லம்.

ராத்தா

*

லெஸ்டர்
14 ஜூலை 2024

ராத்தாவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம்.

ஓகஸ்டில் எங்களுக்கு வர வசதிப்படாது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திட்டம். பிள்ளைகளுக்கு நீந்தப் பழக வேணும், அதனால் இந்த முறை பத்து நாள் ஸ்பெயினுக்குப் போறம். அங்கே ஹோட்டலுக்குள்ளேயே நீச்சல் குளம் இருக்கு.

மற்ற விசயத்தைப் பற்றி என்ன எழுதிறது என்று எனக்குத் தெரியவில்லை. அபூதாஹிர் என்ட கூட்டாளி. அதை மட்டும் சொல்லுறன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

றுவைஸ்

*

ஜமாலியா, திருகோணமலை
5 ஓகஸ்ட் 2024

தம்பி றுவைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்பெயினில் வெயில் கூட என்று ரேடியோவில் சொன்னாங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு விடு.

உன்னோட எனக்குக் கோபம் இல்லை. முஹம்மது தம்பி காக்காவிடம் சொல்லி அனுப்பிட்டன், தம்பிக்கு மனம் இல்லை, விட்டிருங்க என்று. ஸெய்னுதீன் சரி என்றாராம். இப்பவும் கந்தோருக்கு வாறார், பதிவுத் தபால் போட. என்ட கவுண்டருக்கு வராமல் நிப்லாவுடைய கவுண்டருக்குப் போறார். நான் கணக்குப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பன். ஊரில் ஆரும் ஒரு கதை கதைக்க இடம் வைக்கவில்லை, அந்த மட்டில் நல்ல மனிசன்.

நீ உன்ட கூட்டாளியைப் பற்றி எழுதியிருந்தாய். பத்தொன்பது வருசம் அவர் என்ட புருசனும்தான். கடைசி எட்டு மாதம் அவரைத் தூக்கி இருத்திக் குளிக்க வார்த்தது நான். அவரை மறக்க எனக்கு ஆரும் சொல்லித் தரவில்லை, நானும் பழகவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

இன்றைக்குக் கடல் நல்லாப் படுத்திருக்கு. பிள்ளைகள் வந்திருந்தால் பார்த்திருக்கும்.

எனக்கு வேலை, வீடு. எழுத வேற ஒன்றும் இல்லை.

ராத்தா

*

திருகோணமலை
18 ஓகஸ்ட் 2024

கண்ணியத்துக்குரிய சகோதரர் றுவைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். தாங்களும் குடும்பமும் நலமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் பெயர் ஸெய்னுதீன். உங்கள் விலாசத்தை நிப்லாவிடம் கெஞ்சி வாங்கினேன். உங்கள் ராத்தாவுக்கு இது தெரியாது. அது பிழை என்றால் பிழை என்னுடையது, அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் அறியாத இரண்டு விசயங்கள் இருக்கின்றன.

ஒன்று. உங்கள் ராத்தா என் போட்டில் மூன்று முறை ஏறினா. மூன்று முறையும் நிப்லா கூட இருந்தா. மூன்று முறையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தா. படங்கின் நிழல் எட்டு மணிக்கு எந்தப் பக்கம் விழும், ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே இருந்தால் விழாது, பெண்பிள்ளைக்கு ஒதுங்க வசதி எங்கே இருக்கிறது, எல்லாம் எழுதினா. இருபத்தைந்து வருசம் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். இன்னொருவருடைய பிள்ளைகளின் சந்தோசத்துக்காக இப்படி ஒருவர் மெனக்கெட்டதை நான் கண்டதில்லை. அங்கேதான் என் மனம் போனது. அவ என்னைப் பார்த்து ஒன்றும் செய்யவில்லை. கடலைப் பார்த்தா, கொப்பியைப் பார்த்தா.

இரண்டு. மர்ஹூம் அபூதாஹிர் மாஸ்டரை நான் அறிவேன். மூதூரில் படிப்பித்த காலத்தில் கிழமைக்கு ஐந்து நாள் என் லோஞ்சில்தான் வந்தார். கடல் கொதித்த ஒரு நாள் ஆட்கள் பயந்து ஒரு பக்கமாக எழும்பி ஓடப் பார்க்க, அவர் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் போல எல்லாரையும் இருங்கள் என்று சொல்லி இருத்தினார். அன்றைக்கு லோஞ்ச் கவிழாமல் கரை சேர்ந்தது அவரால். அவருடைய இடத்தில் இருக்க நான் கேட்கவில்லை. அது ஏலவும் ஏலாது. எனக்கு ஐம்பத்தேழு வயது. என் வீட்டில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது, அதைத்தான் கேட்டேன்.

நீங்கள் எந்த மாதம் வந்தாலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு. கலியாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

வஸ்ஸலாம்.
ஸெய்னுதீன்

*

லெஸ்டர்
12 செப்டெம்பர் 2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நான் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கு.

ஸ்பெயினுக்குப் போனம். நல்ல கடல், நல்ல வெயில், எல்லாம் நல்லம். மூன்றாம் நாள் அம்ரா என்னிடம், "மாமி எங்களுக்காகக் கடலுக்குப் போய்ப் பார்த்து எழுதினாவே, நாங்கள் ஏன் இங்கே இருக்கிறம்?" என்று கேட்டாள். டிக்கெட் பிரச்சினை என்றன். நிப்றாஸ் உடனே, "டிக்கெட்டை நீங்கள்தானே திருப்பிக் கொடுத்தீங்கள்" என்றான். ரிஸ்லா எழும்பி நடந்து போயிட்டா.

வீட்டுக்கு வந்தபோது உங்கட கடிதம் கதவடியில் கிடந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு கடிதமும் வந்தது. ஆருடையது என்று நிப்லாவைக் கேளுங்க, அவளைக் குறை சொல்லிப் பேச வேண்டாம்.

ரிஸ்லா இரண்டையும் வாசித்தா. பிறகு அலுமாரியில் இருந்து உங்கட பழைய கடிதம் எல்லாத்தையும் எடுத்து என்ட முன்னால் வைத்தா. "மச்சான் மௌத்தானதில் இருந்து வந்ததெல்லாம் இதுக்குள்ள இருக்கு. கடைசி வரியை மட்டும் வாசியுங்க" என்றா. வாசித்தன் ராத்தா. வேலை, வீடு, எழுத வேற ஒன்றும் இல்லை. ஆறு வருசமும் அதே வரி. அது முதல் தரம் இல்லாமல் போனது ஏப்ரல் மாதக் கடிதத்தில், திரும்பி வந்தது இந்த ஓகஸ்டில். நான் அந்த வரியை வாசித்து வாசித்து, ராத்தா நல்லா இருக்கிறா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஓட்டினவன்.

உண்மையைச் சொல்லுறன். மச்சானுடைய ஜனாஸாவுக்கு நான் வரவில்லை. விசாப் பிரச்சினை என்று எல்லாருக்கும் சொன்னன். கொஞ்சம் ஓடித் திரிஞ்சிருந்தால் வந்திருக்கலாம், கட்டிலில் கிடந்த உடம்பைப் பார்க்கப் பயந்திட்டன். நீங்கள் அந்த வீட்டில் அப்படியே இருந்தால் என்ட பங்குக்கும் சேர்த்து ஆரோ அவருக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. உங்களைப் பற்றி நினைக்கவே இல்லை. என்னை மன்னிச்சிருங்க.

ஒக்டோபர் 26ஆம் திகதி கொழும்பில் இறங்குறம், நாலு பேரும். ஒரு கிழமைதான். ஒக்டோபர் வேண்டாம் என்று நீங்கள் எழுதினது ஞாபகம் இருக்கு. மழை பெய்யட்டும். நான் கடல் பார்க்க வரவில்லை. 31ஆம் திகதி வியாழக்கிழமை, முஹம்மது தம்பி காக்காவிடம் நானே போனில் கதைச்சு நாள் கேட்டிட்டன்.

ஆனால் ஒன்று. வலிகாரன் பொண்ணிடம் கேட்டுத்தான் ஆக வேணும். ஜூனில் எனக்குச் சரியா என்று கேட்டீங்கள். உங்களுக்கு விருப்பம் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்ப கேட்கிறன். ராத்தா, உங்களுக்கு விருப்பமா?

எனக்கு உங்கட கையெழுத்தில் பதில் வேணும்.

உங்கட தம்பி,
றுவைஸ்

*

தபால் கந்தோர், திருகோணமலை
30 செப்டெம்பர் 2024

என்ட தம்பி றுவைஸுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். உன்ட கடிதம் காலைப் பையில் வந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் இருந்து இதை எழுதுறன். நிப்லா தன்ட சோற்றுப் பார்சலைப் பிரிச்சு வைத்துக்கொண்டு என்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்காதே. நீ பயந்தது எனக்கு அப்பவே தெரியும். விசா என்று சொன்ன உன்ட குரலில் தெரிஞ்சுது. நீ வந்திருந்தாலும் அழுதிருப்பாய், உன்னையும் நான்தான் பார்த்திருக்க வேணும். கபுறடிக்கு 27ஆம் திகதி பின்னேரம் போவம், நானும் வாறன்.

ஒக்டோபரைப் பற்றிச் சொல்லுறன், கவனமாகக் கேள். இரண்டு நாளாகப் பின்னேரத்தில் இடி இடிக்கத் தொடங்கிட்டுது. நீங்கள் வரேக்க வெளிக்கடல் நம்ப ஏலாது. புறாமலைக்கு அதிகமாகப் போகக் கிடைக்காது. திமிங்கிலத்தை மறந்திருங்க. ஆனால் உள்துறைமுகத்துக்குள் எந்த மழையிலும் அலை இல்லை, சுற்றிவர மலை. விடிய வெளிக்கிட்டால் அதுக்குள் போட்டில் போகலாம், ஓங்கில், அதுதான் டொல்பின், அதுகூட சில நாளைக்கு உள்ளே வரும். மழைக்கோட்டு நாலு கொண்டு வாங்க. பிள்ளைகளுக்குச் செருப்பு, சப்பாத்து வேண்டாம், எல்லாம் நனையும். ரிஸ்லாவுக்கு என்ட பட்டுச் சாரி ஒன்று எடுத்து வைத்திருக்கிறன், அங்கே இருந்து ஒன்றும் வாங்க வேண்டாம். அம்ராவுக்கு மருதோன்றி வைக்க நிப்லா வாறாளாம். கூரையில் கிழக்கு மூலை ஒழுகுது, நாளைக்கே ஆளைப் பிடிக்க வேணும். எவ்வளவு வேலை கிடக்கு. ஒரு மாதம்கூட இல்லை.

நீ கேட்டதுக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு மழையையும் கூரையையும் எழுதிக்கொண்டிருக்கிறன். இந்த வயதில் இதை எழுதக் கை கூசுது. என்னைப் பொண் பார்க்க வந்தபோதும் ஆரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை தம்பி. வாப்பாவிடம் கேட்டாங்கள், உன்னிடம்கூடக் கேட்டாங்கள். நீதான் முதல் ஆள்.

ஓம். எனக்கு விருப்பம்.

எழுதிட்டன்.

கவுண்டர் திறக்க இன்னும் ஐந்து நிமிசம் இருக்கு. கண்ணாடிக்கு அங்கால் ஏழெட்டுப் பேர் வந்திட்டாங்கள். அவரும் கையில் ஒரு கவரோட கடைசியில் நிற்கிறார். காலையில் காக்காவுக்குப் போன் எடுத்தன், நாளைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லையாம், என்ட பதில் வரட்டும் என்று இருக்கிறாராம். திறந்தவுடனே அவர் நிப்லாவிடம்தான் போகப் பார்ப்பார். நான் விட மாட்டன். இங்கால வாங்க என்று நானே கூப்பிடப் போறன்.

உன்ட ராத்தா,
ஸுல்பிகா